ஒலிவமலையில் சொல்லப்பட்டது எந்த நாட்களைப் பற்றி? முதல் நூற்றாண்டுப் பின்னணியில் மத்தேயு 24: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 ஆகிய மூன்று அதிகாரங்களையும் அன்றன்றைய செய்தித்தாளோடு சேர்த்து வாசிக்கும் பழக்கம் நம் சபைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. எங்கோ ஒரு பூமியதிர்ச்சி, எங்கோ ஒரு போர் என்று கேட்டதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இந்த வசனங்கள் பிரசங்க மேடைக்கு வந்துவிடுகின்றன. ஒலிவமலையில் உட்கார்ந்து இயேசுவின் இந்த வார்த்தைகளை முதன்முதலில் காதால் கேட்ட சீஷர்களுக்கு அவை என்ன பொருள் தந்திருக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது இந்தப் பக்கம். மேற்கோள்கள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) உள்ளபடி தரப்படுகின்றன.

இந்தப் பேச்சு எந்தச் சூழலில் எழுந்தது?

ஒரு கட்டடத்தைப் பார்த்து வியந்ததிலிருந்து எழுந்தது. ஏரோது ராஜா ஏறத்தாழ கி.மு. 20-இல் புதுப்பிக்கத் தொடங்கிய எருசலேம் தேவாலயம், இயேசுவின் ஊழியக் காலத்திலும் கட்டி முடிக்கப்படாமல் இருந்தது. நாற்பத்தாறு வருஷமாகக் கட்டப்பட்டு வருவதாக யூதர்கள் சொல்வதை யோவான் 2:20-இல் காண்கிறோம். அதன் கற்களைச் சீஷர்கள் சுட்டிக்காட்டியபோது, அங்கே ‘ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு’ எல்லாம் இடிக்கப்படும் என்று இயேசு சொன்னார். அதைக் கேட்டுக் கலங்கியவர்கள்தான், ஆலயம் எதிரே தெரியும் ஒலிவமலையில் அவரிடம் தனியே வந்து, இவை எப்பொழுது சம்பவிக்கும் என்று கேட்டார்கள். ஆகவே, அதற்குப் பின் வரும் பதில் எதைப் பற்றியதாக இருந்தாலும், அவர்கள் கண்முன் நின்ற அந்த ஆலயத்தைப் பற்றியதாக முதலில் இருந்தாக வேண்டும். இதை மறந்து நேரடியாக நான்காம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

‘உலகத்தின் முடிவுக்கு அடையாளம் என்ன’ என்றும் அவர்கள் கேட்டார்களே?

மத்தேயுவில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ‘உலகம்’ என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் நிற்பது ‘ஐயோன்’ என்ற சொல். அது ஒரு யுகத்தை, ஒரு காலகட்டத்தைக் குறிக்கும். பூமிப்பந்து அழிந்துபோவதைப் பற்றி மட்டுமே அவர்கள் கேட்டார்கள் என்று அந்தச் சொல்லிலிருந்து முடிவுகட்ட இயலாது. பலியும் ஆசாரியரும் பண்டிகைகளும் ஆலயத்தைச் சுற்றியே அமைந்திருந்த ஒரு யூதனுக்கு, ஆலயம் இல்லாத நாள் என்பது ஒரு யுகத்தின் முடிவுதான். மாற்குவும் லூக்காவும் இந்தக் கேள்வியை எழுதும்போது உலகமுடிவைப் பற்றிப் பேசவே இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்பது யூத இனத்தைக் குறிக்கிறது என்று கற்பிக்கப்பட்டிருக்கிறோம். அது தவறா?

தமிழில் வாசிப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்வதற்கு மொழிபெயர்ப்பே ஓரளவு காரணமாகிவிட்டது. ‘சந்ததி’ என்றால் நமக்கு வழித்தோன்றல்கள், வம்சம் என்றே முதலில் தோன்றும். ஆனால் மத்தேயு 24:34-இல் உள்ள கிரேக்கச் சொல் ‘கெனெயா’. இதே சொல் மத்தேயு 1:17-இலும் வருகிறது. ஆபிரகாம் முதல் தாவீதுவரைக்கும் பதினாலு தலைமுறைகள் என்று எண்ணப்படும் இடம் அது. அங்கே ‘தலைமுறை’ என்று எழுதிய அதே திருப்புதல், இங்கே ‘சந்ததி’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு இடங்களிலும் ஒரே சொல்லைப் போட்டு வாசித்துப் பாருங்கள். ‘இவைகளெல்லாம் சம்பவிக்கும்முன்னே இந்தத் தலைமுறை ஒழிந்துபோகாது’ என்று வரும்.

இதற்குச் சற்று முன்னால், வேதபாரகரையும் பரிசேயரையும் கண்டிக்கும் பேச்சின் முடிவில், ‘இவைகளெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும்’ என்று மத்தேயு 23:36-இல் இயேசு சொல்கிறார். அங்கே யாரும் இரண்டாயிரம் ஆண்டு நீளும் ஓர் இனத்தை நினைப்பதில்லை. எதிரே நிற்கும் மக்களையே நினைக்கிறோம். அடுத்த அதிகாரத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் தரவேண்டுமானால், அதற்கு வலுவான காரணம் காட்டவேண்டும். இயேசு பேசியது ஏறத்தாழ கி.பி. 30-இல், ஆலயம் எரிந்தது கி.பி. 70-இல். ஒரு தலைமுறைக்குள்தான்.

அந்த நாற்பது ஆண்டுகளில் கள்ளத் தீர்க்கதரிசிகளும் பஞ்சங்களும் பூமியதிர்ச்சிகளும் உண்மையில் இருந்தனவா?

இருந்தன. யோர்தான் நதி தன் சொல்லுக்குப் பிளந்து வழிவிடும் என்று கூறி மக்களைத் திரட்டிய தெயுதாஸ் என்பவனை, 40-களின் நடுவில் ரோம ஆளுநர் பாதூஸின் குதிரைவீரர்கள் கொன்றார்கள். பேலிக்ஸ் ஆளுநராக இருந்தபோது கூட்டம் சேர்த்த எகிப்தியன் ஒருவனை அப்போஸ்தலர் 21:38-உம் குறிப்பிடுகிறது. பவுலையே அவன் என்று சேனாபதி எண்ணிவிட்டான். கிலவுதியு ராயனுடைய நாட்களில் உண்டான பஞ்சம் அப்போஸ்தலர் 11:28-இல் இருக்கிறது. லவோதிக்கேயா நகரம் கி.பி. 60-இல் பூமியதிர்ச்சியால் இடிந்தது. ஆனால் இவற்றையெல்லாம் இயேசு அடையாளங்களாகத் தரவில்லை என்பதுதான் வேடிக்கை. ‘கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்’ என்றும், முடிவு உடனே வராது என்றும்தான் அங்கே சொல்கிறார். கலங்கவேண்டாம் என்று சொல்லப்பட்ட பட்டியலையே நாம் கலங்குவதற்கு எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் அவர் தந்த அடையாளம் எது? ‘பாழாக்குகிற அருவருப்பு’ என்றால் என்ன?

அந்தச் சொற்றொடர் தானியேலின் புத்தகத்திலிருந்து வருகிறது. கி.மு. 167-இல் சீரிய அரசன் நான்காம் அந்தியோகு எபிபானேஸ், எருசலேம் ஆலயப் பலிபீடத்தின்மேல் அந்நிய வழிபாட்டை நிறுவியபோது, யூதர்கள் அதையே பாழாக்கும் அருவருப்பு என்று அழைத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆலயம் சுத்திகரிக்கப்பட்டதைத்தான் ஹனுக்கா பண்டிகை இன்றும் நினைவுகூர்கிறது. ஆகவே இந்தச் சொல்லைக் கேட்ட எந்த யூதனுக்கும், புறஜாதியான் பரிசுத்த ஸ்தலத்துக்குள் புகுந்து தீட்டுப்படுத்துவது என்ற காட்சி உடனே மனதில் எழுந்திருக்கும். அது பழங்கதையாகவும் இருக்கவில்லை: கி.பி. 40-இல் பேரரசன் கலிகுலா தன் சிலையை ஆலயத்தில் நிறுத்த ஆணையிட்டான். சீரியாவின் ஆளுநர் பெத்ரோனியஸ் காலம் தாழ்த்திக்கொண்டே போக, 41 ஜனவரியில் கலிகுலா கொல்லப்பட்டதால் அந்த ஆணை நின்றுபோனது.

மத்தேயு இந்த இடத்தில் ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார். லூக்கா, யூத மரபு அறியாத தம் வாசகர்களுக்காகவோ என்னவோ, அதையே உடைத்துச் சொல்லிவிடுகிறார்: ‘எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை நீங்கள் காணும்போது, அதின் அழிவு சமீபமாயிற்றென்று அறியுங்கள்’ (21:20). இரண்டு சுவிசேஷங்களிலும் அடுத்து வரும் கட்டளை ஒன்றே: யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகவேண்டும். வீட்டின்மேல் இருப்பவன் எதையும் எடுக்க இறங்கவேண்டாம். கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ. ஓடிப்போவது மாரிகாலத்திலோ ஓய்வுநாளிலோ நேரிடாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள். தட்டையான மெத்தை வீடுகளும், மழை வந்தால் சேறாகும் பாதைகளும், ஓய்வுநாளில் நெடுந்தூரம் நடக்கத் தடையும் இருந்த ஒரு நாட்டுக்குத்தான் இந்த ஆலோசனை பொருந்தும். பூமி முழுவதும் முடியும் நாளில் மலைக்கு ஓடி என்ன பயன்?

கி.பி. 66 முதல் 70 வரை எருசலேமில் என்ன நடந்தது?

66-இல் ரோமுக்கு எதிராக யூதேயாவில் கலகம் வெடித்தது. சீரியாவின் ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் படையோடு வந்து நகரத்தை நெருங்கினார். பிறகு, விளங்காத காரணத்தால் பின்வாங்கினார். திரும்பும் வழியில் பெத்தொரோன் கணவாயில் பேரிழப்புக்கு உள்ளானார். நகரத்தைச் சேனைகள் சூழ்ந்ததும், பின் வழி திறந்ததும் ஆகிய இந்த இடைவெளியைத்தான், மேலே கண்ட கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தப்ப முடிந்த நேரமாகப் பல விளக்கவுரையாளர்கள் காண்கிறார்கள். எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பாலிருந்த பெல்லா நகரத்துக்குப் போய்விட்டதாக நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். இந்தச் செய்தியை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு.

67-இல் ரோமப் பேரரசன் நீரோ அனுப்பிய படைத்தலைவர் வெஸ்பாசியான் கலிலேயாவைப் பிடித்தார். 68 ஜூனில் நீரோ இறந்தான். அடுத்த ஆண்டு ரோமே தடுமாறியது. கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியான் என்று பேரரசர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். வெஸ்பாசியான் அரியணை ஏற, அவருடைய மகன் டைட்டஸ் 70-ஆம் ஆண்டு பஸ்கா காலத்தில், பண்டிகைக்கு வந்த யாத்திரிகரால் நகரம் நிரம்பியிருந்தபோது, நான்கு லீஜியன் படைகளோடு முற்றுகையைத் தொடங்கினார். உள்ளேயோ, கிஸ்காலாவூர் யோவான், சீமோன் பார் கியோரா, எலெயாசார் ஆகியோரின் கட்சிகள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. அந்தச் சண்டையில் பல ஆண்டுகளுக்குப் போதுமான தானியக் களஞ்சியங்கள் எரிந்தன. பட்டினி நகரத்தைத் தின்றது. தன் குழந்தையையே சமைத்துத் தின்ற மரியாள் என்ற பெண்ணின் கதையை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் பதிவு செய்திருக்கிறார். ரோமர்கள் மூன்று நாளில் நகரத்தைச் சுற்றி 39 ஸ்தாதி, அதாவது ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதிலை எழுப்பினார்கள். சத்துருக்கள் உன்னைச் சூழ மதில்போடும் நாட்கள் வரும் என்று இயேசு நகரத்தைப் பார்த்து அழுதபடி சொன்னது (லூக்கா 19:41-44) இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது.

ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது. வெற்றி பெற்ற வீரர்கள் தங்கள் படைக்கொடிகளை ஆலய வளாகத்தில் நிறுத்தி அவற்றுக்குப் பலியிட்டார்கள். செப்டம்பரில் மேல்நகரமும் வீழ்ந்தது. கொள்ளையிட்ட ஏழு கிளைக் குத்துவிளக்கை ரோமர்கள் சுமந்து செல்லும் காட்சி, ரோமாபுரியில் உள்ள டைட்டஸ் வளைவில் இன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது.

சூரியன் இருளவில்லை, நட்சத்திரங்கள் விழவில்லை, மனுஷகுமாரன் மேகத்தில் வரவில்லை. பிறகு எப்படி நிறைவேறியதாகச் சொல்லமுடியும்?

இதுவே மிகவும் நியாயமான எதிர்க்கேள்வி. பதில் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. பாபிலோன் வீழ்வதைப் பற்றி ஏசாயா 13:10 சொல்வதைப் பாருங்கள்: வானத்தின் நட்சத்திரங்கள் ஒளிகொடாது, சூரியன் உதிக்கையிலேயே இருண்டுபோகும், சந்திரன் ஒளிவிடாது. மேதியர் வருவார்கள் என்று அதே அதிகாரம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பாபிலோன் கி.மு. 539-இல் கோரேசிடம் வீழ்ந்தது. அன்று சூரியன் வழக்கம்போலத்தான் உதித்தது. எகிப்தின் பார்வோனைப் பற்றி எசேக்கியேல் 32-உம், ஏதோமைப் பற்றி ஏசாயா 34-உம் இதே மொழியில் பேசுகின்றன. அரசுகள் கவிழ்வதை வானம் கவிழ்வதாகச் சொல்வது தீர்க்கதரிசிகளின் வழக்கம். வீட்டுத்தலைவன் இறந்தால் ‘தலையில் வானம் இடிந்து விழுந்தது’ என்று நாம் சொல்வதில்லையா? அதைக் கேட்டு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

மேகத்தின்மேல் வருவதும் அப்படியே. கர்த்தர் வேகமான மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருவார் என்று ஏசாயா 19:1 சொல்கிறது. எகிப்தியர் கண்டது ஒரு படையெடுப்பை. தானியேல் 7:13-இல் மனுஷகுமாரன் போன்றவர் வானத்து மேகங்களுடன் வருவது பூமிக்கு அல்ல. நீண்ட ஆயுசுள்ளவரிடத்துக்கு, அதாவது தேவனிடத்துக்கு, ராஜ்யத்தைப் பெற்றுக்கொள்ள. இயேசு பிரதான ஆசாரியனிடம் இதே வசனத்தை எடுத்து, ‘இதுமுதல் காண்பீர்கள்’ என்று சொன்னது (மத்தேயு 26:64) அந்த அரியணையேற்றத்தைக் குறிக்கிறது என்பதே என் புரிதல். அவரை நிராகரித்த ஆலய நிர்வாகம் இல்லாமற்போனபோது, யார் சொன்னது சரி என்று வெளிப்பட்டது.

சுவிசேஷம் பூலோகமெங்கும் பிரசங்கிக்கப்பட்ட பின்புதானே முடிவு வரும்?

மத்தேயு 24:14-இல் உள்ள சொல் ‘ஒய்க்குமெனே’. மக்கள் குடியிருக்கும் உலகம், நடைமுறையில் ரோமப் பேரரசு. ‘உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று’ அகுஸ்துராயன் கட்டளையிட்டான் என்று லூக்கா 2:1 சொல்லும் இடத்திலும் இதே சொல்தான். அகுஸ்து சீனாவிலோ சேர நாட்டிலோ குடிமதிப்பு எடுக்கவில்லை.

இந்த வார்த்தைகள் ஆலயம் இடிந்த பிறகு எழுதி, இயேசுவின் வாயில் வைக்கப்பட்டவை என்கிறார்களே?

பல ஆய்வாளர்கள், குறிப்பாக மத்தேயுவையும் லூக்காவையும் 70-க்குப் பின் எழுதப்பட்டவையாகவே கணக்கிடுகிறார்கள். மாற்கு அந்தப் போர்க்காலத்தை ஒட்டியது என்பது பரவலான கருத்து. எழுதப்பட்ட ஆண்டு வேறு, பேசப்பட்ட ஆண்டு வேறு. நடந்ததைப் பார்த்து ஒருவன் இட்டுக்கட்டியிருந்தால், ஆலயத்தை அழித்த நெருப்பைப் பற்றி ஒரு சொல்லாவது இங்கே சேர்த்திருப்பான். முற்றுகை முழுவதும் வசந்தத்திலும் கோடையிலும் நடந்திருக்க, மாரிகாலத்தில் நேரிடாதபடி வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கமாட்டான்.

யோசேபஸை நம்பலாமா?

கவனத்தோடு நம்பலாம். கலிலேயாவில் ரோமருக்கு எதிராகப் படை நடத்தியவர் அவர். 67-இல் யோத்தபாத்தாவில் சரணடைந்து, பின்னர் வெஸ்பாசியான் குடும்பத்தின் ஆதரவில் ரோமில் உட்கார்ந்து எழுதினார். டைட்டஸை இரக்கமுள்ளவராகவும், அழிவுக்குக் கலகக்காரர்களையே காரணமாகவும் காட்டுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. முற்றுகையில் 11 லட்சம் பேர் இறந்ததாகவும் 97,000 பேர் சிறைப்பட்டதாகவும் அவர் தரும் கணக்கில், முதல் எண்ணை வரலாற்றாசிரியர்கள் பெரும் மிகை என்றே கருதுகிறார்கள். 62-இல் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் ‘எருசலேமுக்கு ஐயோ’ என்று தெருத்தெருவாகக் கூவித் திரிந்து, முற்றுகையில் கவண்கல் பட்டு இறந்த அனனியாவின் மகன் இயேசு என்ற குடியானவனைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். வானத்தில் தேர்கள் ஓடியதாக அவர் எழுதுவதை நம்புவதா என்பது வாசகரின் விருப்பம். பிரசங்கங்களில் அவரை ஐந்தாவது சுவிசேஷமாக்கிவிடும் ஆர்வம் எனக்கு உடன்பாடானதல்ல.

இப்படி விளக்குவது யூதர்களைத் தேவன் கைவிட்டுவிட்டார் என்று சொல்வதாகாதா?

சபை வரலாற்றில் அப்படித்தான் பலமுறை பயன்படுத்தப்பட்டது. அதன் விளைவாகச் சிந்திய இரத்தம் கொஞ்சமல்ல. ஆகையால் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இதைப் பேசியவர் ஒரு யூதர், கேட்டவர்களும் யூதர்கள், அவர் கண்டித்தது ஒரு தலைமுறையின் தலைவர்களை. எரேமியா முதலாம் ஆலயத்தின் அழிவை முன்னறிவித்தபோது செய்ததையே அவரும் செய்தார். அழுதுகொண்டு சொல்லப்பட்ட வார்த்தையை, பிற்காலத்தார் மகிழ்ச்சியோடு திருப்பிச் சொன்னதில்தான் பாவம் இருக்கிறது. புறஜாதியாரான நமக்கு ரோமர் 11-இல் பவுல் சொல்லும் எச்சரிக்கை, ‘மேட்டிமைச் சிந்தையாயிராமல் பயந்திரு’ என்பது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666-உம் முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததா?

பெரும்பாலும் ஆம். அந்தப் புத்தகம் ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதம்; ‘சீக்கிரத்தில் சம்பவிக்கவேண்டியவை’ என்று முதல் வசனத்திலேயே சொல்கிறது. எபிரெயத்தில் எழுத்துகளே எண்களும் ஆகும். ‘நெரோன் கேசர்’ (பேரரசன் நீரோ) என்பதை அந்த எழுத்துகளில் எழுதினால், 50, 200, 6, 50, 100, 60, 200 என்று கூட்டி 666 வருகிறது. இலத்தீன் உச்சரிப்பின்படி ‘நெரோ’ என்று கடைசி எழுத்தை விட்டால் 616 வரும். பழைய பிரதிகள் சிலவற்றில் 616 என்றே இருக்கிறது என்பது இந்த விளக்கத்துக்குப் பெரிய பலம். இரண்டாம் நூற்றாண்டின் சபைப் பிதா ஐரேனியு, இந்தத் தரிசனம் ரோமப் பேரரசன் தோமித்தியானுடைய ஆட்சியின் கடைசியில் காணப்பட்டது என்கிறார், அதாவது சுமார் 95-இல்; பெரும்பாலான ஆய்வாளர்களும் அப்படியே. அப்பொழுதும் நீரோ திரும்பிவருவான் என்ற வதந்தி ஆசியாவில் உலவிக்கொண்டிருந்தது என்பதால், எண் பொருளிழப்பதில்லை. ‘அந்திக்கிறிஸ்து’ என்ற சொல்லோ வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை; அது யோவானின் நிருபங்களில் மட்டுமே வருகிறது, அங்கேயும் ‘இப்பொழுதும் அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்’ என்றே வருகிறது.

இது புதிய போதனையா?

இல்லை. யூசேபியஸும் கிறிசோஸ்தோமும் மத்தேயு 24-இன் உபத்திரவத்தை 70-ஆம் ஆண்டோடு இணைத்தே விளக்கினார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை முறையாக இவ்வழியில் விளக்கியவர் ஸ்பெயினின் இயேசுசபைக் குரு லூயிஸ் தெ அல்காசர். அவருடைய உரை 1614-இல் வெளிவந்தது. இந்தத் தீர்க்கதரிசனங்கள் முதல் நூற்றாண்டிலேயே நிறைவேறின என்னும் இவ்விளக்கத்துக்குப் பிரிட்டரிசம் என்ற பெயர் பின்னர் ஏற்பட்டது. சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பின்பு ஏழாண்டு உபத்திரவம் என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டுவரும் வரிசைதான் ஒப்பீட்டளவில் புதியது: 1830-களில் ஜான் நெல்சன் டார்பி அதை வகுத்தார், 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் அதை உலகெங்கும் பரப்பியது.

1948-இல் இஸ்ரவேல் நாடு உருவானதே, அத்திமரம் துளிர்த்த அடையாளம் என்பார்களே?

லூக்கா 21:29-ஐ வாசியுங்கள்: ‘அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்.’ அத்திமரம் இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடுகள்? 1948-உடன் ஒரு தலைமுறைக்கு நாற்பது ஆண்டைக் கூட்டி, சபை எடுத்துக்கொள்ளப்படுவது 1988-இல் என்று அறிவித்த ஒரு சிறுநூல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் பரவியது. 1989 பிறந்தது.

அப்படியானால் எல்லாமே நிறைவேறிவிட்டதா? இனி வருகை இல்லையா?

அப்படிச் சொல்பவர்களும் உண்டு. முழுப் பிரிட்டரிசம் என்று அதற்குப் பெயர். உயிர்த்தெழுதலும் 70-இலேயே முடிந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொன்ன இமெனேயுவும் பிலேத்துவும் சத்தியத்தை விட்டு விலகினார்கள் என்று 2 தீமோத்தேயு 2:17-18 சொல்கிறது. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப் பிரமாணமும் அறிக்கையிடுகிறது. 1 கொரிந்தியர் 15-இல் கடைசிச் சத்துருவாகப் பரிகரிக்கப்படுவது மரணம். எந்த ரோமப் படையும் அதைச் செய்யவில்லை. எனவே பகுதி நிறைவேற்றம் என்ற நிலையையே நான் ஏற்கிறேன்.

நிறைவேறியதற்கும் இனி நிறைவேறவேண்டியதற்கும் இடையே கோடு எங்கே போடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மத்தேயு 24:35-க்கும் 36-க்கும் இடையில் என்று நான் கருதுவதற்குக் காரணம், இரண்டு பகுதிகளும் பேசும் விதமே வேறாக இருப்பதுதான். முதல் பகுதியில் அடையாளம் உண்டு, இடம் உண்டு, ஓட நேரம் உண்டு, ஒரு தலைமுறை என்ற எல்லையும் உண்டு. ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும்’ என்று தொடங்கும் இரண்டாம் பகுதியிலோ, நோவாவின் நாட்களைப்போல ஜனங்கள் புசித்தும் குடித்தும் பெண்கொண்டும் இருக்கிறார்கள். திருடன் எந்த ஜாமத்தில் வருவான் என்று வீட்டெஜமான் அறியான். ஓட மலையும் இல்லை, பார்க்க அடையாளமும் இல்லை. நாள் குறிப்பவர்கள் எல்லாரும், அடையாளங்களை முதல் பகுதியிலிருந்து எடுத்து, அடையாளமே தரப்படாத இரண்டாம் பகுதியின் நாளுக்குப் பொருத்துகிறார்கள்.